நட்டுவின் மஞ்சள் குளியல்

போன வாரம் என் வீட்டுக்காரர் பினாங்குக்குக் கப்பல் ஏறியதோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் தங்கை தொலைபேசியில் சண்டைக்கு வந்துவிட்டாள். “ஒரு வருஷம் கழிச்சி நீ நாய்ங்கள இட்டுக்கினு போனியே, அத எழுதாம எங்க ஓடப் பாக்கற?” என்றாள். ஓடவில்லை, தாயே. உட்கார்ந்து எழுதுகிறேன்.

கப்பலுக்கு முந்தின நாள் காலை. திருவாலங்காட்டுக் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, விபூதிப் பொட்டலத்தோடு மாமியார் வீட்டுக்குத் திரும்பி வருகிறேன். மாட்டுக்கொட்டகை ஓரத்தில் ஒரு மஞ்சள் நாய் உட்கார்ந்திருக்கிறது. யார் வீட்டு நாயோ என்று விரட்டக் கையை ஓங்கினேன். அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து என் புடவையில் உரசியது.

நட்டு! என் வெள்ளை வெளேர் நட்டு!

மூக்கிலிருந்து வால் நுனிவரை மஞ்சள். நெற்றியில் சாந்துப் பொட்டு. கன்னத்தில் திருஷ்டிக்கு மை. பக்கத்தில் அவள் கூடப்பிறந்த போல்ட்டு நின்றான். அவன் கறுஞ்சிவப்பு என்பதால் மஞ்சள் ஏறியது தெரியவில்லை. ஆம்பிளைப் பிள்ளை என்று அவனுக்கு மட்டும் நெற்றியில் பட்டையாக விபூதி.

அத்தை, அதாவது என் மாமியார், அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கை இரண்டும் முழங்கை வரை மஞ்சள்.

“இன்னா அத்தே இது?”

“இன்னா, இன்னா? கண்காணாத சீமைக்குப் போற பொண்ணு. மஞ்ச தேச்சி தண்ணி ஊத்தாம, ரோட்டு நாயாட்டம் அனுப்பச் சொல்றியா? வேப்பெலையும் சேத்து அரைச்சிக் கீறேன். கப்பல்ல பூச்சி பொட்டு அண்டாது.”

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு மத்தியானத்துக்கு மேல் நிற்கவில்லை.

சாப்பாட்டுப் பையில் வந்தவர்கள்

அத்தை நாயைத் தொட்டது ஏன் அதிசயம் என்று சொல்ல வேண்டுமானால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டியில் பனைமரங்களை வெட்டிச் சாய்த்து, தரையை மட்டமாக்கி, தொழிற்சாலைகள் கட்டத் தொடங்கியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் அங்கே ஃபிட்டர். நாங்கள் இருந்தது தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. பகலெல்லாம் செம்மண் புழுதி வீட்டுக்குள் வரும். சாயங்காலம் பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து உப்புக் காற்று வரும். இரண்டும் சேர்ந்து என் புடவைகள் எல்லாவற்றையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டன.

ஒரு நாள் அவருடைய சாப்பாட்டுப் பை அசைந்தது. திறந்தால் கண் திறக்காத இரண்டு குட்டிகள். தாய் நாய் லாரியில் அடிபட்டுவிட்டதாம். இவை ஒரு பெரிய சிமெண்ட் குழாய்க்குள் கிடந்தனவாம். “நமக்கே பால் வாங்க வழியைக் காணோம்” என்று கத்தினேன். கத்திக்கொண்டே பஞ்சைப் பாலில் நனைத்தேன். பெயர் வைத்தது அவர்தான். ஃபிட்டருக்கு வேறு என்ன பெயர் தோன்றும்? ஆணுக்குப் போல்ட்டு, பெண்ணுக்கு நட்டு.

அந்த வருடம்தான் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்டது.

இதைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அடுத்தது ஆண்பிள்ளையாகப் பிறக்கும் என்றார்கள், போன ஜென்மத்துப் பாவம் என்றார்கள். நட்டு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் வந்து, என் காலின் மேல் தன் தாடையை வைத்துப் படுத்துக்கொள்வாள். நான் எழுந்தால்தான் எழுந்திருப்பாள். பைத்தியம் பிடிக்காமல் நான் அந்த வருடத்தைக் கடந்ததற்கு அவளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இன்னொருத்திக்கும் சொல்ல வேண்டும். பழவேற்காட்டிலிருந்து மீன் கூடையோடு வரும் ஓர் அம்மாள். மீன் வாங்க முடியாத நாளிலும் என் வாசலில் கூடையை இறக்குவார். வாழைமட்டையில் மீன் தலைகளை மடித்துக் கையில் திணிப்பார்.

“உனுக்கு இல்லம்மே. புள்ளைங்களுக்கு. எட்த்துக்கினு போய்ப் போடு.”

என் நாய்களைப் பிள்ளைகள் என்று முதலில் சொன்னவர் அவர்தான். அவர் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் போய்விட்டேன்.

ஆகாத சமாச்சாரம்

வீட்டுக்காரருக்குப் பினாங்கில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. அவர் முன்னால் போனார். நான் நாய்களோடு திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் மாமியார் கிராமத்துக்கு வந்தேன்.

அத்தைக்கு நாய் ஆகாது. நெல் வயலும் மாடும் உள்ள வீடு. மாடு மகாலட்சுமி, நாய் தரித்திரம் என்பது அவர் கட்சி. முந்தானையில் நாய் உரசிவிட்டால் அந்த வேளையிலேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வார். மாட்டுக்கொட்டகையைத் தாண்டி இவை இரண்டும் காலை வைக்கக் கூடாது. நட்டு அந்த எல்லையில் முன்னங்கால் இரண்டையும் சரியாக வைத்து, உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பாள். “சட்டம் தெரிஞ்ச நாயி” என்று அத்தை முனகுவார். அதுதான் அவர் வாயிலிருந்து வந்த அதிகபட்ச பாராட்டு.

பினாங்கிலிருந்து கடிதம் வந்தது. வீடு பார்த்தாகிவிட்டது, புறப்பட்டு வா என்று. நாய்களை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று பதில் போட்டேன். என் நல்ல காலம், பட்டறை முதலாளியான சீனாக்காரர் நாய்ப் பைத்தியம். அவரே முன்னின்று, நாய்களை இறக்க அனுமதிக் காகிதம் வாங்கி அனுப்பினார். அதில் தெளிவாக எழுதியிருந்தது: சிவப்பு ஆண் ஒன்று, வெள்ளைப் பெண் ஒன்று.

திருவள்ளூர் கால்நடை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, நோயில்லை என்று சான்றும் வாங்கினோம். அங்கே போக இரண்டையும் பஸ்ஸில் ஏற்றியது ஒரு தனிக் கூத்து. கண்டக்டர் முதலில் இறக்கிவிடத்தான் வந்தார். போல்ட்டு அவர் கையை நக்கிவிட்டான். “சரி சரி, கடைசி சீட்டுக்குக் கீழ போட்டுக்கோங்க, எனுக்கு எதுவும் தெரியாது” என்று திரும்பிக்கொண்டார். மனிதர்கள் நல்லவர்கள் என்று நான் இன்றும் சண்டை போடுவது இப்படிப்பட்டவர்களைப் பார்த்ததால்தான்.

காகிதத்தில் வெள்ளை

இனி அந்த மஞ்சள் நாளுக்கு வருகிறேன்.

நானும் அத்தையும் பெட்டி படுக்கையோடு ரயிலில் கிளம்பினோம். நாய்கள் ரயிலின் கடைசியில், கார்டு இருக்கும் வண்டியில், நாய்ப் பெட்டிக்குள். செவ்வாப்பேட்டையில் என் கொழுந்தன் ஏழுமலை ஏறிக்கொண்டான். அவன் வீடு அந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருந்தது. தினம் பட்டணத்துக்கு ரயிலில் வேலைக்குப் போய் வருகிறவன், துறைமுகத்துக்கு வழி தெரிந்தவன்.

கப்பலில் ஏற்றும் பிராணிகளை முந்தின நாளே துறைமுகத்தில் காட்டி, முத்திரை வாங்க வேண்டும். அங்கே இருந்த அதிகாரி கண்ணாடி போட்ட, நிதானமான மனிதர். போல்ட்டின் பல்லைப் பார்த்தார், காதைப் பார்த்தார், முத்திரை குத்தினார். நட்டுவைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். மறுபடி நட்டுவைப் பார்த்தார்.

“வெள்ளைன்னு போட்டிருக்கேம்மா?”

“வெள்ளைதான் சார். மஞ்சள் தேச்சிக் குளிப்பாட்டினது.”

“நாய்க்கா?”

“நாய்க்குத்தான்” என்றார் அத்தை, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார் என்பது மீசையில் தெரிந்தது. ஆனால் பேனாவை மூடிவிட்டார். “எனக்குப் புரியுதும்மா. அந்தக் கரையில இருக்கறவனுக்குப் புரியுமா? காகிதத்துல ஒரு நிறம், நாய் ஒரு நிறம்னா வேற நாய்னு சொல்லுவான். இல்லாட்டி, சொறி சிரங்கை மறைக்க மருந்து பூசியிருக்குன்னு சொல்லுவான். இறக்க விடமாட்டான். அப்புறம் நாயோட கதி என்ன? நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நான் இருப்பேன். வெள்ளையா கொண்டாங்க. முடியலைன்னா சிவப்பு மட்டும் போகட்டும்.”

அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் சொன்னது நியாயம். கோபமெல்லாம் அத்தை மேல் வந்தது. வாயைத் திறந்தால் என்ன வந்து விழுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அத்தை தன் மஞ்சள் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தார்.

கப்பல் சீட்டு என் பெயரில் மறுநாளைக்கு. அடுத்த கப்பலில் இடம் எப்போது கிடைக்குமோ தெரியாது. ஒரு வருடமாகப் பார்க்காத புருஷன் அந்தக் கரையில் நிற்பார். நட்டுவை விட்டு எப்படிப் போவேன், போகாமல் எப்படி இருப்பேன் என்று தெரியாமல் ரயிலில் உட்கார்ந்திருந்தேன்.

ஆலம் கரைத்த கதை

கிராமத்துக்குத் திரும்பாமல், ஏழுமலை வீட்டில் தங்கச் செவ்வாப்பேட்டையில் இறங்கினோம். அத்தையும் நானும் கால் கழுவி உள்ளே போன நேரத்தில், ஏழுமலை ஒரு நல்ல காரியம் செய்தான். நட்டுவைக் கிணற்றடியில் நிறுத்தி, துணி துவைக்கிற பார் சோப்பைப் போட்டுத் தேய்தேயென்று தேய்த்திருக்கிறான்.

“அண்ணீ!” என்று அலறல் கேட்டது. ஓடினேன்.

நட்டு ரத்தச் சிவப்பாக நின்றாள்.

“நான் ஒன்னும் பண்ணல அண்ணி! சோப்புதான் போட்டேன்! தோலு உரிஞ்சிபூட்ச்சா?”

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். “அட கம்னாட்டி! மஞ்சள்ல சோப்பு பட்டா செவக்காதாடா? உன் கண்ணாலத்துக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டு ஆலம் கரைச்சி சுத்துனமே, கண்ண மூடிக்கினா இருந்த? ஒரு நாளு பொண்டாட்டி பொடவய தொவைச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்!”

துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளைப் பெண்ணாகப் பிறந்து, காலையில் மஞ்சளாகி, சாயங்காலம் ஆலத்தித் தட்டாகிவிட்டாளே! நட்டு மட்டும் எல்லாரும் தன்னைச் சுற்றி நிற்பதில் சந்தோஷப்பட்டு, சிவப்பு நீரைச் சிலுப்பி எல்லார் மேலும் தெளித்தாள்.

அத்தை புளி கரைத்துக்கொண்டு வந்தார். பித்தளைக் குடத்துக்குத் தேய்ப்பதுபோலத் தேய்த்தார். சிவப்பு போய்ப் பழையபடி மஞ்சள் வந்தது. அதற்கு மேல் நகரவில்லை.

“இது தண்ணிக்குப் போவாது” என்றார் அத்தை. “மஞ்சக் கறை வெய்யிலுக்குத்தான் போவும்.”

அது எனக்கும் தெரியும். மஞ்சள் பட்ட புடவையை வெயிலில் போடாதவள் யார்? ஆனால் அப்போது வெயில் இறங்கிவிட்டிருந்தது. மறுநாள் காலை மட்டும்தான் கையில் இருந்தது. அதுவும் மாசி மாதம், பனி இறங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, புடவை கொடியில் கிடக்கும். நாய் வெயிலில் கிடக்குமா?

செவ்வாப்பேட்டை வெயில்

காலையில் பார்த்தால் ரயில்வே சிக்னல் கம்பமே தெரியாத அளவுக்குப் பனி. ஆவடிப் பக்கம் போகும் ரயில் சத்தம் மட்டும் கேட்டது. நான் பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தேன்.

பனி விலகிச் சுள்ளென்று வெயில் வந்ததும் நட்டுவை நனைத்து வாசலில் விட்டோம். நேரே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தாள். இழுத்துவிட்டேன். மாட்டுவண்டி நிழலுக்குப் போனாள். கட்டிப் போட்டால் கயிற்றின் நிழலில்கூட மூக்கை வைக்கப் பார்த்தாள். ஏழுமலை பிஸ்கட்டைக் காட்டினான். தின்றுவிட்டு நிழலுக்குப் போனாள்.

அத்தை வாசல் மண்ணில், நிழலே இல்லாத இடத்தில், காலை நீட்டி உட்கார்ந்தார். “இட்டாந்து உடு” என்றார்.

“எங்க அத்தே?”

“மடியிலதான். வேற எங்க?”

மாட்டுக்கொட்டகையைத் தாண்டி விடாத மனுஷி! நட்டு ஒரு கணம் தயங்கினாள். சட்டம் தெரிந்தவள் அல்லவா? அத்தை தொடையைத் தட்டியதும் ஏறி, வயிறு மடியில் பட, நீட்டிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அசையவில்லை. அத்தை சொம்பிலிருந்து நீரைத் தெளிப்பதும், எலுமிச்சம்பழ மூடியால் தேய்ப்பதும், காயவிட்டு மறுபடி தெளிப்பதுமாக இருந்தார். தலையில் முந்தானை போட்டுக்கொள்ளச் சொன்னேன். அந்த நிழல் நாயின் மேல் விழும் என்று மறுத்துவிட்டார்.

வழியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். “இன்னா பெரிம்மா, நாய காய வெக்கிறியா?” என்று ஒருவர் கேட்டார். “ஆமா, வத்தல் போடப் போறேன். உன் வேலயப் பாத்துக்கினு போ” என்றார் அத்தை.

நான் மோர் எடுத்துவர உள்ளே போனேன். சொம்போடு திரும்பியபோது, கதவுக்கு அந்தப் பக்கம் அத்தையின் குரல் தணிந்து கேட்டது. ஏழுமலையோடு பேசுகிறார் என்று நினைத்தேன். ஏழுமலை வண்டி பிடிக்கப் போயிருந்தான். அத்தை நட்டுவோடு பேசிக்கொண்டிருந்தார்.

“இத பாரு. நீயும் பொட்டச்சி, உனுக்குப் புரியும். அவ பகல்ல நல்லாத்தான் சிரிப்பா, வாய் ஓயாம பேசுவா. ராத்திரியில எழுந்து குந்திக்கினு அந்தப் புள்ளய நென்ச்சி அழுவறா. எனுக்குத் தெரியாதுன்னு நென்ச்சிக்கினு கீறா. என் புள்ள தூங்குனா இடி உழுந்தாலும் எழுந்துக்க மாட்டான். நீதான் போயி பக்கத்துல படுத்துக்கணும், தெரிதா? எனுக்கு அங்க வர முடியாது. அதுக்குத்தான் உன்ன மஞ்சள் தேச்சி அனுப்புறேன். பாத்துக்கோ, யம்மா.”

மோர்ச் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதவின் பின்னால் நின்றேன். கிராமத்து வீட்டில் அத்தையோடு ஒரு வருடம் இருந்திருக்கிறேன். நான் அழுததைப் பற்றி அத்தை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கல்நெஞ்சு என்று எண்ணியிருந்தேன். என் அழுகையை எல்லாம் கேட்டுக்கொண்டு, கேட்காததுபோல இருந்திருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேண்டுமென்றே சொம்பைக் கதவில் இடித்துச் சத்தம் பண்ணிவிட்டு வெளியே போனேன்.

“மோரு இவ்ளோ நேரமாடி?” என்றார் அத்தை.

முத்திரை

துறைமுகத்தில் அதிகாரி நட்டுவை மேசை மேல் நிறுத்தி, முதுகிலும் கழுத்திலும் மயிரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். பழைய வெள்ளை இல்லை, பால் ஏட்டின் வெள்ளை. காதுமடலுக்குப் பின்னால் மட்டும் கொஞ்சம் மஞ்சள் மிச்சம் இருந்தது.

“எப்படிப் போச்சு?”

“வெயில்ல காய வெச்சோம் சார்” என்றான் ஏழுமலை.

அவர் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். வெயிலில் கன்றிக் கறுத்த முகம், உலர்ந்த உதடு, இன்னும் மஞ்சளாகவே இருந்த கைகள். நாயைவிட அத்தையைத்தான் அதிக நேரம் பார்த்தார். பிறகு தன் நாற்காலியை எடுத்துப் போட்டு, “உக்காருங்கம்மா” என்றார். தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். அப்புறம்தான் முத்திரையை எடுத்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கப்பல் ஏறும் இடத்தில் அத்தையின் காலைத் தொட்டேன். “வேளைக்குத் துன்னு. உடம்பப் பாத்துக்கோ” என்றார். கதவுக்குப் பின்னால் கேட்டதை நான் சொல்லவில்லை. நாய்களிடம் அவர் எதுவும் பேசவில்லை. பேச வேண்டியதைத்தான் பேசி முடித்துவிட்டாரே.

கப்பலில் நாய்களைப் பார்த்துக்கொள்கிறவர் யார் தெரியுமா? சமையல் கட்டில் கறி வெட்டுகிறவர். கையில் கத்தியோடு வந்து, “உங்கள் நாய்கள் என் பொறுப்பு” என்றதும் எனக்கு உயிரே இல்லை. அந்தப் புண்ணியவான் தினமும் நல்ல எலும்பாகப் பார்த்துப் பார்த்துப் போட்டார். போல்ட்டு கடலில் இளைப்பான் என்று பயந்தேன். பெருத்துத்தான் இறங்கினான்.

பினாங்கில் என் வீட்டுக்காரர் கரையில் நின்றிருந்தார். கூண்டைத் திறந்ததும் போல்ட்டு அவர் மேல் பாய்ந்தான். நட்டு காலடியில் புரண்டு மல்லாந்து படுத்தாள். அவள் வயிறு முழுக்கப் பளிச்சென்று மஞ்சள்.

“இது இன்னா, வவுறு மட்டும் மஞ்சளா கீது?”

“அங்க வெயில் படல. உங்கம்மா மடியில படுத்திருந்த எடம் அது.”

“எங்கம்மாவா? நாய மடியில வெச்சிக்கினாங்களா?”

நான் தலையாட்டினேன். அவர் அப்படியே அந்தச் சிமெண்ட் தரையில், வருகிறவர் போகிறவர் நடுவில் மண்டியிட்டார். குனிந்து நட்டுவின் வயிற்றில் முகத்தை வைத்தார். அதில் எங்கள் வீட்டு மஞ்சளும் வேப்பிலையும் மணந்திருக்க வேண்டும். வெகுநேரம் அவர் நிமிரவே இல்லை.